முதல் ரொட்டி

உங்கள் காவல் நிலையத்துக் காப்பி மோசமில்லை, ஐயா. கொஞ்சம் கருகல் வாசனை வருகிறது, அவ்வளவுதான். உங்கள் கடற்கரைத் தண்ணீர் வேறு, எங்கள் மலைத் தண்ணீர் வேறு. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலைந்து மாதம்தானே ஆகிறது, போகப் போகக் கைவந்துவிடும்.

நான் வந்தது ஒரே ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் போகத்தான். என் தங்கை புருஷன் ஒலிந்தோ காட்டில் செத்ததைப் பற்றி முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். மூடுபனி, பறவை எழுந்தது, சுட்டேன், குறுக்கே அவன் நின்றது தெரியவில்லை என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டி, கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள். அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்று காலை சதுக்கத்துக் காப்பிக்கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எங்கள் வேட்டைச் சங்கத் தலைவர் ஜெர்வாசியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே கடைக்காரியிடம் சொன்னார்: "தாழப் பறந்த பறவைய, எதிர்ல யாருன்னு பாக்காமலே சுட்டிருக்கான். இவனுக்கெல்லாம் துப்பாக்கி ஒரு கேடா? கையில விளக்குமாத்த குடு."

எங்கள் ஊரில் ஒருவன் மச்சானைச் சுட்டுவிட்டு வாழலாம், ஐயா. பாவம் என்பார்கள், ஒயின் வாங்கிக் கொடுப்பார்கள். பார்க்காமல் சுட்டான் என்ற பெயரோடு மட்டும் வாழ முடியாது. நாற்பது வருடமாகத் துப்பாக்கி பிடிக்கிறேன். அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று விளங்க வேண்டுமானால் நாயிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் மீன் தின்று வளர்ந்தவர், குற்றமாகச் சொல்லவில்லை. காட்டு உள்ளான் என்பது சருகு நிறத்தில் ஒரு பறவை. அலகு நீளம், கண் இரண்டும் பின்மண்டைக்குப் போயிருக்கும். இலைக்குள் உட்கார்ந்துவிட்டால் மிதிக்கும்வரை தெரியாது. அதை மனிதன் தேடிக் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. நாய்தான் தேட வேண்டும். நாயின் கழுத்தில் மணி கட்டி விடுவோம். பெரணிக்குள்ளும் பனிக்குள்ளும் நாய் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, மணிதான் கேட்கும். பறவையின் வாசனை மூக்கில் ஏறியதும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நாய் அப்படியே நின்றுவிடும். மணியும் நின்றுவிடும். மணி அடிக்கிறவரை எங்களுக்கு வேலை இல்லை. அது நின்றால்தான் துப்பாக்கி தோளுக்குப் போகும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

ஏழு வருடத்துக்கு முன் ஜெர்வாசியோவின் செட்டர் ஜாதி வேட்டைநாய் குட்டி போட்டது. இரண்டுதான் பிழைத்தன. ஒலிந்தோவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே காடு; அவனைவிட நான் இரண்டு மாதம் மூத்தவன். அதனால் "நீயே மொதல்ல எடு மச்சான்" என்றான். ஒரு ஆண்குட்டி, அகலமான மார்பு. பக்கத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு பெட்டை. நான் ஆண்குட்டியை எடுத்தேன். பெட்டையை மரியாதைக்காகத்தான் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று ஞாபகம். ஜெர்வாசியோ வேறு மாதிரிச் சொல்வார், அவருக்கு வயதாகிவிட்டது.

ஆண்குட்டிக்குத் துவோனோ என்று பெயர் வைத்தேன். இடி என்று அர்த்தம். வெடிச் சத்தம் கேட்டால் வீட்டில் கட்டிலுக்கடியில் போய்விடுவான். காட்டில் கட்டில் இல்லாததால் என் காலுக்கடியில். இத்தனை வருடத்தில் அவன் நின்று காட்டியது ஒரு முள்ளெலியை, அப்புறம் பாதிரியார் வீட்டு வாத்தை. ஒருமுறை யாரோ தொலைத்த கம்பளிக் கையுறை முன்னால் கால்மணி நேரம் நின்றான். நானும் துப்பாக்கியோடு நின்றேன்.

ஒலிந்தோவின் பெட்டைக்கு நேபியா என்று பெயர். அவள் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும், ஐயா, வெட்கப்படாமல் சொல்கிறேன். காற்றை அவள் நுகர்வதே ஒரு அழகு. அப்படிப்பட்ட நாயை அவன் எப்படி வைத்திருந்தான் தெரியுமா? சோபாவில் தூங்கவிட்டான். ரேடியோவில் பாட்டு வந்தால் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஆடுவான். அவள் நின்று காட்டிய பறவையைத் தவறவிட்டுவிட்டு, "போய்ப் பொழச்சுக்கட்டும், அதுக்கும் குடும்பம் இருக்குமில்ல" என்று சிரிப்பான். தபால்காரனாக இருந்தவன், எதையும் சரியான வீட்டில் சேர்க்க வேண்டும் என்ற அக்கறை அந்த வேலையோடு போய்விட்டது போலிருக்கிறது. அப்படியும் அவன் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளானின் சிறகு நுனியில் ஊசி மாதிரி ஒரு சின்ன இறகு உண்டு. சுட்டவன் அதைத் தொப்பியில் செருகிக்கொள்வான். அவன் தொப்பி முள்ளெலி மாதிரி இருக்கும். என் தொப்பி மழைக்கு நல்லது.

கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் எதையும் செய்கிறவன் நான் இல்லை. போன குளிர்காலத்தில் அவன் வீட்டு அடுப்பங்கரையில் வைத்து, "மாப்ள, ஒரு சீசன் மட்டும் நேபியாவ எங்கிட்ட விடு" என்றேன்.

"என் பொண்டாட்டிய கேளு, தரேன்" என்றான். "ஆனா அவ உன் தங்கச்சியாச்சே, உனக்கு லாபமில்ல."

தெர்சீலியா பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்னை எங்கயும் அனுப்ப வேணாம். அண்ணன் வீட்ல அந்தத் துவோனோ நாத்தம் தாங்காது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நேபியா சோபாவில் புரண்டு படுத்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவிக்கு வீடு, பிள்ளைக்கு நிலம், கூட்டாளிக்கு நாய். வேட்டைக்காரன் செத்தால் அவன் நாய், கூடவே வேட்டையாடினவனுக்குப் போகும். குழிமண் ஈரம் காயும் முன்னே கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. ஒலிந்தோவைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததுமில்லை. நேபியா என்னிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. இலையுதிர் காலம் தொடங்கியதும் அடுப்புப் பக்கத்தில் புதுக் கூடை ஒன்று வாங்கி வைத்தேன். துவோனோவை விறகுக் கொட்டகைக்கு மாற்றினேன், பழகிக்கொள்ளட்டும் என்று.

இப்போது ரொட்டிக்கு வருகிறேன்.

எங்கள் இருவரில் சமையல்காரன் நான். அவன் வீட்டில் உள்ளான் சமைக்க வேண்டுமானாலும் நான்தான் போய் அடுப்பில் நிற்பேன். பறவையைக் கழுத்தில் கயிறு கட்டி நிலவறையில் சில நாள் தொங்கவிட வேண்டும். பிறகு இறகு பிடுங்கி, பன்றிக்கொழுப்பைச் சுற்றி, சேஜ் என்கிற வாசனை இலை வைத்து வாட்ட வேண்டும். குடலை மட்டும் எடுக்கக் கூடாது. முகத்தைச் சுளிக்காதீர்கள். உள்ளான் பறக்க எழும்போதே வயிற்றைக் காலி செய்துவிடும், அதன் குடல் உங்கள் மீனைவிடச் சுத்தம். வெந்த பிறகு அந்த உள்ளீட்டை வழித்து, நெத்திலியும் இனிப்பு ஒயினும் சேர்த்து மசித்து, நெருப்பில் வாட்டிய ரொட்டியில் பூச வேண்டும். மற்றக் கறியெல்லாம் வெறும் கறிதான். யார் வேட்டைக்காரன், யார் துப்பாக்கி வைத்திருக்கிற தபால்காரன் என்பது இந்த ரொட்டியைத் தின்னும்போது தெரிந்துவிடும். நின்று காட்டிய நாய் யாருடையதோ, முதல் ரொட்டி அவனுக்கு.

ஆகவே ஏழு வருடமாக முதல் ரொட்டி ஒலிந்தோவுக்கு. அதற்கு முன்னாலும் பெரும்பாலும் அவனுக்குத்தான். நாய் விஷயத்தில் அவனுக்கு எப்போதும் அதிர்ஷ்டம். தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்வான். "ஆத்மாவே இதுலதான்டா இருக்கு மச்சான்" என்பான். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். அந்த ஒரு விஷயத்தில் அவனை நான் மதித்தேன்.

என்னுடையது இரும்புக்கடை. பரணில் என் அப்பா காலத்து டப்பா ஒன்று இருந்தது, நரிக்கு வைக்கிற பொடி. அதை விற்கக் கூடாது என்று எப்போதோ சட்டம் வந்தது. நான் விற்கவில்லை. குடலுக்கே ஒரு கசப்பு உண்டு, அதில் இன்னொரு கசப்பு தெரியாது. தெர்சீலியா அந்த ரொட்டியைத் தொடமாட்டாள், தொடைக்கறி மட்டும்தான். அவளைப் பற்றியும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். துக்கத்துக்கு எங்கள் பக்கம் கறுப்புத்தான்; அந்த நிறம் அவளுக்கு எப்போதுமே எடுப்பாக இருக்கும். முதல் ரொட்டிமேல் ஒரு சேஜ் இலையை வைத்தேன், என்னுடையதோடு மாறிவிடக் கூடாதே என்று. பாருங்கள் ஐயா, இதையெல்லாம் செய்கிறவனையா கவனக்குறைவானவன் என்கிறீர்கள்?

எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. ஒலிந்தோ தட்டை இழுத்துக்கொண்டான், குனிந்தான், கண்ணை மூடினான், மென்றான். ஆத்மாவைப் பற்றிச் சொன்னான். என் ரொட்டியில் பாதியை அப்படியே வைத்துவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த சிநேகிதம், கல்லா நான்? ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். கறுப்புக் காலணிக்கு மெருகு போட்டேன். அடுப்பில் நல்ல விறகாகப் பார்த்து வைத்தேன், கூடை இருக்கிற மூலை சூடாக இருக்கட்டும் என்று.

நாலு மணி வாக்கில் தெர்சீலியா தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுகையில் வார்த்தை வரவில்லை. "அண்ணே, ஒடனே வா" என்பது மட்டும் புரிந்தது. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பையில் ஒரு புதுக் கயிறும் இருந்தது.

கதவைத் திறந்தது ஒலிந்தோ.

முகம் வீங்கியிருந்தது. என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நேபியா போயிட்டாடா" என்றான்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன், ஐயா. என் அம்மா செத்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. சோபாவில், அவள் எப்போதும் படுக்கிற இடத்தில், போர்வை போர்த்திக் கிடந்தாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. நான் மண்டியிட்டு அந்த மூக்கைத் தொட்டேன். எனக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை. "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் தெர்சீலியா. "எப்பவும் போல அந்த ரொட்டிதான்."

"எந்த ரொட்டி?"

ஒலிந்தோ தலையைக் குனிந்துகொண்டான். "இன்னிக்காவது சொல்லிடறேன். எனக்கு அந்தக் கொடல் வாசனையே ஆகாதுடா. வாய்கிட்ட கொண்டுபோனாலே கொமட்டும். நீ அவ்ளோ ஆசையா செய்யற, உன் மனசு நோகுமேன்னு மேஜைக்கடியில நாய்க்குப் போட்டுட்டு வெறும் ரொட்டிய மெல்லுவேன். எல்லா நாயும் தின்னிருக்கு, ஒண்ணும் ஆனதில்ல. காட்டுல எவனோ விஷம் வெச்சிருக்கான் மச்சான்."

எத்தனை வருடம், ஐயா. ஊரே மதிக்கிற முதல் ரொட்டி. ஆத்மா என்ற பேச்சு. எல்லாம் மேஜைக்கடியில். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதனை ஒருவன் இப்படி ஏமாற்றலாமா? இருந்தும் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். துக்க வீட்டில் குற்றம் பேசக் கூடாது.

கால்நடை மருத்துவர் வந்து விஷம்தான் என்றார். ஊர் முழுக்க, மண்ணுக்கடியில் காளான் தோண்டுகிறவர்கள்மேல் பாய்ந்தது. அந்தக் காளானையும் நாய்தான் மோந்து கண்டுபிடிக்கும்; போட்டிக்காரன் நாய்க்கு அவர்கள் விஷம் வைப்பதுண்டு. ஜெர்வாசியோ ஆட்கள் ஒரு அப்பாவியின் வண்டி டயரையெல்லாம் கிழித்துவிட்டார்கள். அது நியாயமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் பெரியவர் பேசும்போது குறுக்கிடுவது நல்ல பழக்கமில்லை.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. கூடையைப் பார்ப்பேன். எரிகிற அடுப்பைப் பார்ப்பேன். நாயைக் கொன்றவன் யார் என்று யோசிப்பேன். எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரே ஆளிடம்தான் வந்து நின்றது. நான் ரொட்டியை யாருக்கு வைத்தேன்? அவனுக்கு. நாய்க்கு யார் போட்டது? அவன். என் கையால் நேபியாவுக்கு நான் கொடுத்ததெல்லாம் பாலாடைக்கட்டிதான்.

சனிக்கிழமை காலையில் ஒலிந்தோ வந்தான். கையில் அவளுடைய மணி. "அவ மொதமொதல்ல நின்னு காட்டின மரத்துல இதக் கட்டிட்டு வரலாம் மச்சான். காத்தடிச்சா சத்தம் வரும். துணைக்கு வா" என்றான். அவன் துப்பாக்கி எடுத்து வரவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்; பருவகாலத்தில் துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? துவோனோவும் கூட வந்தான்.

நல்ல பனி. பீச் மரங்கள் பாதிக்குமேல் தெரியவில்லை. அவன் முன்னால் நடந்தான், மணி அவன் கையில் ஆடி ஆடி அடித்தது. பேசிக்கொண்டே போனான். "ஜெர்வாசியோகிட்ட சொல்லிட்டேன். வசந்தத்துல குட்டி வருதாம். ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு. இந்த வாட்டியும் நீதான் மொதல்ல எடுக்கணும்."

நான் துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணு, கோச்சுக்காத. இனிமே எனக்கு அந்த ரொட்டி வேணாம் மச்சான். ஒண்ணும் பூசாம சும்மா ரொட்டியே குடு. இப்பதான் உண்மைய சொல்லிட்டேனே, நிம்மதியா இருக்கு."

நிம்மதி என்றான், ஐயா. அவள் குழியின் மண்கூட இன்னும் அமுங்கவில்லை.

அவன் பெரணிக்குள் இறங்கினான். ஆள் மறைந்துவிட்டான், மணி மட்டும் கேட்டது. பிறகு அந்த மரத்தடிக்குப் போயிருப்பான், கட்டுவதற்காகக் கையை உயர்த்தியிருப்பான். மணி நின்றது.

இதற்கு மேல் முந்தாநாள் நான் சொன்னதெல்லாம் தப்பு. பறவை எழவில்லை. நான் நாலடி பக்கவாட்டில் நடந்து, கிளை இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். பனிக்குள் அவன் தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே கழுத்து. நிதானமாகப் பார்த்து, மூச்சைப் பிடித்து, ஒரே தோட்டா. சுற்றிலும் ஒரு இலைக்குக்கூடச் சேதமில்லை. வேண்டுமானால் ஜெர்வாசியோவையே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பனியில் அப்படி ஒரு சூடு இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் வராது. துவோனோ காலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, எழுந்து போனான். ஒலிந்தோவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்து, ஒரு இறகும் கலையாமல், என் காலடியில் வைத்தான். அவனைத் தட்டிக் கொடுத்தேன். எல்லா நாய்க்கும் ஒரு நேரம் வரும்போலிருக்கிறது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், பார்த்துச் சுட்டது என்று. மற்றதை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். தெர்சீலியாவிடம் மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நேற்று எனக்கு சூப் வைத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்லண்ணே" என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான் என்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை.

ஏன் கொன்றாய் என்று கேட்கிறீர்கள். நாய்க்காக என்கிறேன். நாய்தான் முன்னமே செத்துவிட்டதே என்கிறீர்கள். அதைத்தானே ஐயா இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அந்த ஒரு ரொட்டியை மட்டும் அவன் ஒழுங்காகத் தின்றிருந்தால், அவனை நான் கொல்ல வேண்டியே வந்திருக்காது.